மிஸ்ஸியம்மா பதில்கள்: தராசு பாதிதான் சொல்லும்

பள்ளிகளில் பிள்ளைகளின் உடல்தகுதியைப் பார்க்கும் செகாக் சோதனை முடிந்த கையோடு கடிதங்கள் குவிந்துவிட்டன. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் காலைச் சந்தைக்கு மீன் வாங்கப் போனாலும் விடுவதில்லை. "மிஸ்ஸி, இவன் எடை சரியா பாருங்க" என்று பையனைப் பிடித்து என் முன்னால் நிறுத்துகிறார்கள், நான் என்னமோ கண்ணாலேயே எடை போடும் தராசு மாதிரி. முதலில் தோட்ட கிளினிக், அப்புறம் அரசாங்க கிளினிக் என்று முப்பது வருஷம் தாதியாகப் பிள்ளைகளைத் தராசில் ஏற்றி இறக்கியவள் சொல்கிறேன், என் கண்ணையும் நம்பாதீர்கள், உங்கள் கண்ணையும் நம்பாதீர்கள். நம் கண்ணுக்குக் கொழுகொழு என்றால் ஆரோக்கியம், ஒல்லி என்றால் அவமானம், இரண்டுமே பல நேரம் தப்பு. இந்த மாதம் முழுக்க எடைக் கேள்விகள்தான், முட்டிவலிக்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனுக்கு 11 வயது, ஆண்டு 5. உயரம் 142 செ.மீ., எடை 48 கிலோ. பள்ளியில் கொடுத்த தாளில் 'உடல் பருமன்' என்று போட்டிருக்கிறது. வீட்டுக்காரர் கைப்பேசியில் கணக்குப் போட்டார், 23.8, நார்மல் என்று வந்தது. மாமியாரோ, "சாப்பிடுற பிள்ளையைக் கண்ணு வைக்காதீங்க" என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
(ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: பள்ளித் தாளை நம்புங்கள். வீட்டுக்காரர் கணக்கில் தப்பில்லை. 48-ஐ 1.42-ஆல் வகுத்து, வந்ததை மறுபடியும் 1.42-ஆல் வகுத்தால் 23.8 தான் வரும், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு அதுதான். ஆனால் அந்த 23.8-ஐ அவர் பெரியவர்கள் பட்டியலில் கொண்டுபோய் வைத்துவிட்டார். பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே இருந்தால் நார்மல் என்று அந்தக் கணக்கு சொல்லும். (நம் ஆசிய உடம்புக்கு 23-லேயே கவனமாக வேண்டும், வீட்டுக்காரர் தன் எடையையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.) பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியல் செல்லாது. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு 2007-இல் போட்ட அட்டவணையில், 11 வயது நிறைந்த பையனுக்கு நடுக்கோடு (பாதிப் பிள்ளைகள் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே) 16.9. 19.2-ஐத் தாண்டினால் எடை கூடுதல், 22.5-ஐத் தாண்டினால் உடல் பருமன். உங்கள் மகன் 23.8. இதே 23.8-ஐ வைத்துக்கொண்டு 17 வயதுப் பையன் வந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் அனுப்பியிருப்பேன், ஏனென்றால் அவன் வயதுக்கு 'எடை கூடுதல்' என்கிற முதல் கோடே 24.3-இல்தான் இருக்கிறது.

ஏன் வயதுக்கு வயது கோடு மாறுகிறது என்று கேட்பீர்கள். ஒரு வயதுக் குழந்தை உருண்டையாக இருக்கும், நடக்க ஆரம்பித்ததும் மெலியும், ஐந்து ஆறு வயதில்தான் இருப்பதிலேயே ஒல்லியாகத் தெரியும். அதற்கப்புறம் மெல்ல மெல்லச் சதை போடும். பெண்பிள்ளைகள் முந்திக்கொண்டு 11, 12-இல் சடசடவென்று வளர்வார்கள், பையன்களுக்கு அது 13, 14-இல். இப்படி ஏறி இறங்கும் உடம்புக்கு ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

அதனால்தான் இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு நாள் அளவு என்பது ஒரு புள்ளி, நான் பார்க்க விரும்புவது கோடு. செகாக் ஆண்டு 4-இலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது, பழைய தாள்களைத் தேடி எடுங்கள். பிறந்தபோது கிளினிக்கில் கொடுத்த புத்தகம் அலமாரியில் துணிக்கு அடியில் கிடக்கும், அதையும் எடுங்கள். ஏழு வயதிலிருந்தே 'உடல் பருமன்' என்கிற மேல்கோட்டை ஒட்டி வருகிறானா, அல்லது நடுக்கோட்டில் போய்க்கொண்டிருந்தவன் இந்த இரண்டு வருஷத்தில் கோட்டுக்குக் கோடு தாவி மேலே போனானா? தாவியிருந்தால் அந்த நேரத்தில் வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். கைப்பேசி வாங்கிக் கொடுத்ததா, தியூஷன் கூடியதா, பள்ளிக்கு வேன் வைத்ததா, தாத்தா தவறியதா. நான் பார்த்தவரை ஏதோ ஒன்று இருக்கும்.

அப்புறம் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பையனைக் குனியச் சொல்லிப் பின்கழுத்தைப் பாருங்கள். தோல் கறுத்து, வெல்வெட்டுத் துணி மாதிரி தடித்து, மடிப்பு மடிப்பாக இருக்கிறதா? அக்குளிலும் பாருங்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஓர் அம்மா தன் பத்து வயது மகளைக் கூட்டி வந்தார், கழுத்து சிவந்து தோல் உரிந்து கிடந்தது. "எவ்வளவு தேய்த்தாலும் அழுக்குப் போகல மிஸ்ஸி" என்றார். தினமும் சவுக்காரமும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்திருக்கிறார், பிள்ளை அழ அழ. அது அழுக்கே இல்லை. சீனியை உடம்புக்குள் ஒழுங்காகச் சேர்க்கிற இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், உடம்பு அதை மேலும் மேலும் சுரக்கும்போது தோலில் தெரிகிற அடையாளம் அது. எல்லாருக்கும் நீரிழிவு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் அந்தப் பாதையில் கால் வைத்தாயிற்று என்று அர்த்தம். உங்கள் மகன் கழுத்தில் அப்படி இருந்தால் தேய்க்காதீர்கள். கிளினிக்கில் காட்டி இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் பார்க்கச் சொல்லுங்கள், இரத்த அழுத்தமும் எடுப்பார்கள். கழுத்து சுத்தமாக இருந்தாலும் இந்த எடைக்கு ஒரு தடவை காட்டுவது நல்லது. இரவில் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் வகுப்பில் தூங்குகிறான் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வது? பட்டினி போடாதீர்கள், சோற்றை நிறுத்தாதீர்கள். வளர்கிற பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது, நமக்கு அது இல்லை. எடை அப்படியே நின்றால் போதும், உயரம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். இவன் அடுத்த வருஷம் 6 செ.மீ. வளர்ந்து 148 ஆனால், அதே 48 கிலோவுக்குக் கணக்கு 21.9 வரும். 12 வயதுக்கு மேல்கோடு 23.6. ஒரு கிலோகூடக் குறைக்காமல் 'உடல் பருமன்' என்ற கட்டத்திலிருந்து இறங்கிவிட்டான். இரண்டு கிலோ ஏறி 50 ஆனாலும் 22.8 தான்.

நிறுத்த வேண்டியது முதலில் குடிக்கிறதை. பள்ளி விட்டதும் சிராப் தண்ணி, தியூஷனுக்குப் போகும்போது டின் பானம், ராத்திரி டின் பால் ஊற்றிய மைலோ, இதையெல்லாம் யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள். 100 மில்லிக்கு 8 கிராம் சீனி என்று போட்டிருந்தால் 320 மில்லி டின்னில் 25 கிராமுக்கு மேல், ஐந்தாறு தேக்கரண்டி. உங்கள் கையால் அத்தனை கரண்டி ஒரு கிளாஸில் போடுவீர்களா? 2019 ஜூலையில் அரசாங்கமே 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு வரி போட ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் ஓட்டம், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாட வேண்டும். தூக்கம் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையக்கூடாது, தூக்கம் குறைந்த பிள்ளைக்குப் பசி தாறுமாறாகக் கூடும்.

இதெல்லாம் அவனுக்கு மட்டும் சட்டம் என்றால் நடக்காது. அக்காவுக்கு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, இவனுக்கு வெள்ளரிக்காய் என்று தட்டு பிரித்தால் திருடித் தின்பான், நானே தின்பேன். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல். மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், "அத்தை, சோறு குறைக்கல, சீனித் தண்ணிதான் குறைக்கிறோம்" என்று சொல்லுங்கள். கண்ணு படும் என்று அவர் பயந்தால் சுற்றிப் போடட்டும், அதில் சீனி இல்லை.

கேள்வி: பேரன் எலும்பும் தோலுமாக இருக்கிறான், சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். வயது 6, உயரம் 115, எடை 19 கிலோ. ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் மைலோ கொடுக்கிறோம், சத்து டானிக்கும் கொடுக்கிறோம். சோறு என்றால் ஓடுகிறான். மகனும் மருமகளும் ஈப்போவில் வேலை, பையன் எங்களோடுதான். பார்க்கிறவர்கள் நாங்கள் சோறு போடவில்லை என்று நினைக்கிறார்கள்.
(ஒரு தாத்தா, பக்கத்துத் தோட்டம்)

பதில்: ஐயா, பேரன் நன்றாக இருக்கிறான். கணக்கு 14.4 வருகிறது. ஆறு வயதுப் பையனுக்கு நடுக்கோடு 15.3, 13-க்குக் கீழே போனால்தான் மெலிவு என்போம். உயரமும் வயதுக்குச் சரி. மேலே சொன்னேனே, பிறந்ததிலிருந்து பெரியவனாகும் வரைக்கும் ஆள் ரொம்ப ஒல்லியாகத் தெரிகிற வயது இதுதான். விலா எலும்பு தெரிந்தால் தெரியட்டும்.

சோற்றைக் கண்டு ஏன் ஓடுகிறான் என்பதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நாலு கிளாஸ் மைலோ குடித்த வயிற்றில் சோற்றுக்கு ஏது இடம்? காலையில் பசியாறும்போது ஒரு கிளாஸ் போதும், அதுவும் டின் பால் ஊற்றாமல். மற்ற நேரம் தண்ணி. டானிக்கை நிறுத்திவிடலாம், காசு மிச்சம். நாலைந்து நாள் பசியோடு விளையாட விட்டுப் பாருங்கள், தானாக வந்து முட்டை பொரித்துத் தா என்பான். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாதீர்கள், கைப்பேசியைக் காட்டி வாயில் திணிக்கவே கூடாது, வயிறு போதும் என்று சொல்வதைக் கேட்கப் பிள்ளை பழக வேண்டும். எத்தனை வாய் என்பதை அவன் முடிவு செய்யட்டும், தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

நான் கவலைப்படுவது எப்போது என்றால், போன வருஷம் தைத்த காற்சட்டை இந்த வருஷமும் அதே உயரத்தில் நின்றால். இந்த வயதில் வருஷத்துக்கு ஐந்து ஆறு செண்டிமீட்டர் வளர வேண்டும். அதோடு கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறி இருக்கிறதா, மண் தின்கிறானா, அடிக்கடி வயிற்றுப்போக்கா, விளையாடாமல் சுருண்டு படுக்கிறானா, ஏறிய எடை இறங்குகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் கூட்டிப் போங்கள். வெறும் காலோடு தோட்டத்தில் திரிகிறவன் என்றால் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து பற்றியும் கிளினிக்கில் கேளுங்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு என்னிடம் மருந்து இல்லை ஐயா.

கேள்வி: கடையில் கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் தராசு விற்கிறார்கள், 89 வெள்ளி (ரிங்கிட்). பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். காலில் லேசாக மின்சாரம் விட்டுக் கணக்குப் போடும் கருவி அது. தண்ணி குடித்துவிட்டு நின்றால் ஒன்று, வியர்த்துவிட்டு வந்து நின்றால் ஒன்று காட்டும், பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். உள்ள தராசே போதும். சிமெண்டுத் தரையில் வையுங்கள், பாய் மேல் வைக்காதீர்கள். காலணி, கனமான சட்டை எல்லாம் கழற்றிவிட்டு அளந்துகொள்ளுங்கள். உயரத்துக்குச் சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்டி நிற்கச் சொல்லி, தலைமேல் தட்டையாக ஒரு புத்தகம் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள், கொண்டையையும் ரிப்பனையும் அவிழ்த்துவிட்டு. உயரத்தில் மூன்று செண்டிமீட்டர் தப்பினால் மொத்தக் கணக்கும் தப்பு, பள்ளியிலும் சில நேரம் காலணியோடு அளந்துவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும், தினமும் ஏற்றாதீர்கள். தினமும் தராசில் ஏறுகிற பிள்ளைக்குத் தராசே வியாதி ஆகிவிடும், அடுத்த கடிதத்தைப் படியுங்கள்.

கேள்வி: மிஸ்ஸி, என் பெயரைப் போட வேண்டாம். நான் படிவம் 2, வயது 14. உயரம் 153, எடை 51. வகுப்பில் பையன்கள் என்னைக் குண்டு என்று கூப்பிடுகிறார்கள், தீபாவளிக்கு வந்த அத்தை கூட "என்ன இப்படிப் பெருத்துட்ட" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இரண்டு மாதமாகக் காலையில் பசியாறுவதில்லை, பள்ளியிலும் சாப்பிடுவதில்லை, மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுகிறேன். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மெலிவதற்கு ஒரு காப்பி விற்கிறார்கள், அதையும் குடிக்கிறேன், நெஞ்சு படபடக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது. இன்னும் எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?

பதில்: ஒரு கிலோகூட வேண்டாம்மா. உன் கணக்கு 21.8. 14 வயதுப் பெண்ணுக்கு நடுக்கோடு 19.6, எடை கூடுதல் என்று சொல்ல 22.7-ஐத் தாண்ட வேண்டும். நீ ஆரோக்கியமான கட்டத்துக்குள் இருக்கிறாய். நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். எல்லாரும் நடுக்கோட்டில்தான் நிற்க வேண்டும் என்று எந்த அட்டவணையும் சொல்லவில்லை.

இந்த வயதில் பெண்பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் மார்பிலும் சதை போடும். மாதவிலக்கு ஒழுங்காக வருவதற்கு உடம்பு அந்தக் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. உன் வகுப்புப் பையன்களில் பலருக்கு இப்போதுதான் அந்த வளர்ச்சி ஆரம்பிக்கிறது, பாதிப்பேர் குச்சி மாதிரி நிற்பார்கள், அவர்கள் பேச்சை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறாயே. அத்தைக்கு நான் என்ன சொல்ல, உன்னை இரண்டு வருஷம் கழித்துப் பார்த்திருப்பார், வளர்ந்திருக்கிறாய் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் காப்பியை இன்றோடு நிறுத்து. நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருக்கிறாய், அதைப் படித்ததும் எனக்கே படபடத்தது. சிபுட்ராமின் என்று ஒரு மருந்து இருந்தது, பசியை அடக்க. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் பல நாடுகளில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் மெலிவதற்கென்று விற்கும் காப்பியிலும் மாத்திரையிலும் அதை ஒளித்துக் கலக்கிறார்கள், நம் சுகாதார அமைச்சு பல தடவை பிடித்து எச்சரித்திருக்கிறது. பொட்டலத்தில் மூலிகை என்றுதான் போட்டிருக்கும். மிச்சம் இருக்கும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதே, கிளினிக்குக்குப் போகும்போது கையோடு கொண்டு போ, என்ன குடித்தாய் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

அம்மாவிடம் சொல்லிவிடு. கோபப்படுவார், அப்புறம் அழுவார், அப்புறம் கூட்டிப் போவார், எனக்குத் தெரிந்து எல்லா அம்மாவும் அந்த வரிசைதான். வாய் வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடு. பள்ளியில் ஆலோசக ஆசிரியரிடமும் பேசலாம். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை, தலை சுற்றி விழுந்தாய், முடி கொத்துக் கொத்தாக வருகிறது, சாப்பிட்டதும் விரலை விட்டு வாந்தி எடுக்கிறாய், இதில் ஒன்று நடந்திருந்தாலும் உடனே போக வேண்டும், வெட்கப்படக்கூடாது. நாளைக் காலையில் இரண்டு இட்லியோ ஒரு முட்டை ரொட்டியோ பசியாறிவிட்டுப் பள்ளிக்குப் போ. பட்டினி கிடந்துவிட்டு மூன்று மணிக்குச் சட்டியோடு உட்கார்ந்தால், பசி அளவு தெரியாமல்தான் தின்ன வைக்கும்.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மையிலேயே எடை கூடிய பிள்ளையாக இருந்தாலும் கேலி பேசி யாரும் மெலிந்ததை நான் பார்த்ததில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தின்னும் பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் கோடும் இல்லை, அட்டவணையும் இல்லை, கிடைத்ததைத் தின்றோம், திடகாத்திரமாக இருந்தோம். உடம்பு என்பது பரம்பரை. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளை நோயாளி ஆக்குகிறீர்கள்.
(ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது தோட்ட மேற்பார்வையாளர்)

பதில்: கோபமான கடிதம், ஆனால் நல்ல கடிதம். பரம்பரை உண்மைதான், அப்பா அம்மா இரண்டு பேரும் கனமாக இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் நம் பரம்பரை முப்பது வருஷத்தில் மாறவில்லை, நம் காலைப்பொழுதுதான் மாறியது. என் அப்பா விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, அப்புறம் ரப்பர் பால்காட்டில் மரத்துக்கு மரம் ஓடி, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வரைக்கும் நடந்தார். நாங்கள் தோட்டப் பள்ளிக்கு நடந்தோம், மதியம் ஆற்றில் கிடந்தோம். இப்போது பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்தைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்தில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தோம், பிள்ளையை வாசலில் வேன் ஏற்றி வாசலில் இறக்குகிறது. தின்கிற கை மட்டும் தோட்டத்துக் கையாகவே இருக்கிறது.

திடகாத்திரம் என்கிறீர்கள், அதைக் கொஞ்சம் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்து லயங்களில் கொக்கிப்புழுவும் இரத்தச்சோகையும் எவ்வளவு என்று தோட்ட கிளினிக் டிரெஸ்ஸர்களைக் (மருத்துவ உதவியாளர்களை) கேட்டால் தெரியும். தொங்கு தராசில் துணிப்பையைக் கட்டி அதில் குழந்தையைப் போட்டு எடை எடுப்போம், முள் ஆடி நிற்பதற்குள் குழந்தை ஒரு பாட்டம் அழுது முடித்துவிடும். முள் நின்ற இடம் பல நேரம் சொல்லவே மனசு வராத இடமாக இருக்கும். பிழைத்து வளர்ந்தவர்கள்தான் இன்றைக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறோம்.

அட்டவணை பற்றிக் கேட்டது சரியான கேள்வி. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது வெள்ளைக்காரப் பிள்ளைகளை மட்டும் பார்த்துப் போட்டதில்லை, பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்டது. நல்ல சாப்பாடும் தாய்ப்பாலும் கிடைத்தால் எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறது என்று அதில் தெரிந்தது. ஐந்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கானது அமெரிக்கப் பிள்ளைகளின் பழைய அளவுகளை வைத்துப் போட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறை நீங்கள் நினைக்கிற பக்கம் இல்லை. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவர் குழுவும் பிறந்த குழந்தைகளை அளந்து இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனே குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. சதையும் உறுப்பும் சின்னது, ஆனால் தோலுக்கு அடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. அதாவது நம் இந்தியர் உடம்பு ஒல்லியாகத் தெரிந்துகொண்டே கொழுப்பைச் சேர்த்து வைக்கும். அந்த அட்டவணை நம் பிள்ளைகளை மிகைப்படுத்தவில்லை, சில நேரம் விட்டுக்கூடக் கொடுத்துவிடுகிறது.

2019-இல் நம் மலேசியாவில் எடுத்த சுகாதாரக் கணக்கில் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதே கணக்கில் ஐந்து வயதுக்குக் கீழ் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும், ஏன், ஒரே பிள்ளையிடமே இருக்கும். சின்னதில் வளர்ச்சி நின்ற பிள்ளை, பிறகு மெகி மீ நூடுல்ஸிலும் கெரோப்போக் நொறுக்குத் தீனியிலும் அகலத்தில் வளரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தின்று கனத்த பிள்ளை பெரும்பாலும் வயதுக்கு மீறிய உயரமாகத்தான் இருக்கும். கனக்கிறது, ஆனால் உயரம் நின்றுவிட்டது என்றால் தைராய்டு மாதிரி சுரப்பிக் கோளாறாக இருக்கலாம், அபூர்வம்தான், ஆனால் பரம்பரை என்று விட்டுவிடக் கூடாது. இதைக் கண்டுபிடிப்பதற்கும் நீங்கள் திட்டுகிற அந்தக் கோடுதான் வேண்டும்.

கேள்வி: இளைஞர் காற்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கோல் காவலனுக்கு 16 வயது, உயரம் 170, எடை 72 கிலோ. பள்ளித் தாளில் எடை கூடுதல் என்று வந்திருக்கிறது, அவன் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்துவிட்டான். உடம்பு முழுக்கத் தசைதான் மிஸ்ஸி, வயிறே இல்லை.

பதில்: கணக்கு 24.9, பதினாறுக்கு முதல் கோடு 23.5, ஆக தாள் சொன்னது கணக்குப்படி சரி. ஆனால் பி.எம்.ஐ.க்குத் தசையும் தெரியாது, கொழுப்பும் தெரியாது, மொத்தமாகத் தூக்கிப் பார்க்கும், அவ்வளவுதான். அதை மட்டும் வைத்து ஒரு விளையாட்டுக்காரனைப் பட்டினி போட வேண்டாம்.

ஒரு நூல்கண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அவன் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை நூலை அளந்து வெட்டி, இரண்டாக மடியுங்கள். மடித்த நூலை இடுப்பைச் சுற்றிக் கட்டுங்கள், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் இயல்பாக விடச் சொல்லி. முனைகள் சேர்ந்தால் நல்லது, அவன் உயரத்துக்கு 85 செ.மீ.க்குள் இடுப்பு இருக்கிறது. சேரவில்லை என்றால் தசை என்று நீங்கள் சொல்வதை நான் நம்ப மாட்டேன். ஐந்து வயதுக்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் இதைச் செய்யலாம், அட்டவணையே தேவையில்லை. நம் பாட்டிமார் அரைஞாண் கயிற்றை எத்தனை மாதத்தில் தளர்த்தினார்கள் என்று நினைவு வைத்திருந்தார்களே, ஏறக்குறைய அதே வேலைதான்.

நூல் சேர்ந்துவிட்டால் அவனைக் கூப்பிட்டு நீங்களே காட்டுங்கள், கையில் பிடித்துப் பார்த்தால் நம்புவான். குழுவில் மற்றவர்களுக்கும் அளக்கப் போகிறீர்கள் என்றால் தனித்தனியாகக் கூப்பிட்டு அளங்கள், திடலில் வரிசையாக நிற்க வைத்து அளக்காதீர்கள்.